மகிழ்ச்சி குற்றமா? டிரெஸ்டன் நகரக் கிறிஸ்துமஸ் சந்தையை முன்வைத்து ஒரு மறுப்பு

திருவருகைக் காலம், இரண்டாம் வாரம்
தியானப் பகுதி: நெகேமியா 8:9–12



டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் கைபேசிகளில் ஒரு கண்டன ஊர்வலம் புறப்பட்டுவிடுகிறது. கிறிஸ்துமஸ் வேதத்தில் இல்லை, அது புறஜாதியாரின் சூரியப் பண்டிகை, மரமும் நட்சத்திரமும் விக்கிரகம், ஐரோப்பா கிறிஸ்துவைத் தொலைத்துவிட்டுக் கேக் தின்கிறது என்று எழுதியவர் யார் என்றே தெரியாத செய்திகள் வீடு வீடாகச் செல்கின்றன. இவ்வாண்டு அந்த ஊர்வலம் நம் சபையின் குழுவிற்குள்ளேயே நுழைந்து, நம் பிள்ளைகள் இருவரைக் காயப்படுத்திவிட்டது.

நம் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்று, ஓய்வுநாள் பாடசாலையில் வளர்ந்து, இப்போது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் பணிபுரியும் ஓர் இளம் தம்பதியர், அந்நகரின் கிறிஸ்துமஸ் சந்தையையும் ஓவியக் கூடத்தையும் கண்டு மகிழ்ந்து, அப்படங்களைச் சபைக் குழுவில் பகிர்ந்தார்கள். ஒரு மணி நேரத்திற்குள் தீர்ப்புகள் வந்தன. “பாபிலோன்” என்றார் ஒருவர். “மரித்த சபையின் திருவிழா” என்றார் மற்றொருவர். “அந்த டிக்கெட் காசை ஊழியத்திற்கு அனுப்பியிருக்கலாமே” என்றார் மூன்றாமவர். அன்றிரவு அந்தச் சகோதரி எனக்கு ஒரே வரி எழுதினார்: “ஐயா, நாங்கள் மகிழ்ந்தது பாவமா?”

இல்லை, மகளே. இதுவே என் சுருக்கமான பதில். குற்றச்சாட்டு சபையார் அனைவர் முன்பாகவும் வைக்கப்பட்டபடியால், விரிவான பதிலையும் சபையார் முன்பாகவே வைக்கிறேன். குற்றம் சாட்டியவர்கள் பக்திக் குறைவுள்ளவர்கள் என்று நான் எண்ணவில்லை. ஆயினும் பக்தியின் பெயரால் சொல்லப்படுவதெல்லாம் வேதத்தின் குரல் ஆகிவிடாது. நான்கு வழக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

1. நாளைப் பற்றிய வழக்கு

முதலாவது, டிசம்பர் 25 என்பது சூரியக் கடவுளின் நாள் என்பது. அந்நாள் உரோமையில் கிறிஸ்து பிறப்பின் நாளாகக் குறிக்கப்பட்டதை 354ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட ஒரு நாட்காட்டி காட்டுகிறது. அந்நாளைத் திருச்சபை ஏன் தெரிந்தெடுத்தது என்பதற்கு அறிஞர் இரண்டு விளக்கங்கள் தருகிறார்கள். சூரியப் பண்டிகைக்கு எதிராகச் சபை தன் பண்டிகையை நிறுவியது என்பது ஒன்று. ஆண்டவர் மார்ச் 25இல் கருவாக உருவானார் என்ற பழைய கணக்கிலிருந்து ஒன்பது மாதம் எண்ணி வந்த நாள் என்பது மற்றொன்று. வாதத்திற்காக முதலாவதையே ஒப்புக்கொள்வோம். அதனால் என்ன?

நாம் வாரந்தோறும் ஆராதிக்கக் கூடும் நாளின் பெயர் தமிழில் என்ன? ஞாயிறு. ஞாயிறு என்றால் சூரியன். “ஞாயிறு ஆராதனைக்கு வாருங்கள்” என்று ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். அதைப் படித்து நாம் சூரியனை வணங்குகிறோம் என்று எவரும் நினைப்பதில்லை. உயிர்த்தெழுந்தவர் அந்த நாளைத் தம்முடையதாக்கிக்கொண்டார். பெயர் மட்டும் பழையதாக நிற்கிறது. வாரத்தின் ஒரு நாளை மீட்டுக்கொள்ள வல்லவருக்கு ஆண்டின் ஒரு நாளை மீட்டுக்கொள்ள வல்லமை இல்லையோ?

வேதத்தில் கட்டளையிடப்படவில்லை என்கிறார்கள். யோவான் 10:22, 23ஐத் திறந்து பாருங்கள். தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகையின்போது ஆண்டவர் எருசலேமில், சாலொமோனின் மண்டபத்திலே உலாவிக்கொண்டிருந்தார். அப்பண்டிகை மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இல்லை. மக்கபேயர் காலத்தில், தீட்டுப்பட்ட ஆலயம் சுத்திகரிக்கப்பட்டதன் நினைவாக மக்கள் ஏற்படுத்திக்கொண்டது அது. விளக்கேற்றிக் கொண்டாடப்படும் பண்டிகை அது. காலம் மாரிக்காலம் என்பதையும் யோவான் மறவாமல் குறிக்கிறார். கட்டளையிடப்படாத ஒரு குளிர்காலப் பண்டிகையில் ஆண்டவர் நடமாடினார், “இது வேதத்தில் எங்கே இருக்கிறது?” என்று அவர் கேட்டதாக இல்லை. நாட்களை விசேஷித்துக்கொள்கிறவனும் கொள்ளாதவனும் கர்த்தருக்கென்றே அப்படிச் செய்யட்டும், ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்க வேண்டாம் என்பதே ரோமர் 14இன் போதனை. கிறிஸ்துமஸ் கொண்டாடாத சகோதரரை நான் குறை கூறவில்லை. கொண்டாடுகிறவனை அவர் நியாயந்தீர்க்கும்போதுதான் அவர் எல்லை தாண்டுகிறார்.

2. சந்தையைப் பற்றிய வழக்கு

இரண்டாவது, சந்தை. ஆண்டவர் சவுக்கெடுத்து வியாபாரிகளைத் துரத்தினாரே என்கிறார்கள். துரத்தினார், எங்கிருந்து? ஜெப வீட்டிலிருந்து. நகரத்துச் சந்தைக்குச் சென்று அவர் எந்தக் கடையையும் கவிழ்க்கவில்லை. சந்தைவெளியில் விளையாடும் பிள்ளைகளைத் தம் உவமையில் சேர்த்துக்கொண்டவர் அவர்.

டிரெஸ்டன் சந்தையின் வரலாறு பலருக்குத் தெரியாது. தெரிந்தால் தீர்ப்பு சற்றுத் தாமதிக்கும். 1434ஆம் ஆண்டு சாக்சனியின் ஆட்சியாளர் இரண்டாம் பிரெடரிக் அதற்கு அனுமதி அளித்தார். அன்று அது ஒரே ஒரு நாள் கூடும் சந்தை. மக்கள் திருவருகைக் காலம் முழுவதும் உபவாசித்திருந்தார்கள். பண்டிகைக்கு முன் இறைச்சி வாங்கிக்கொள்ளும்படி அந்த ஒரு நாள் கொடுக்கப்பட்டது. ‘ஸ்ட்ரீட்சல்’ என்ற இனிப்பு ரொட்டி காலப்போக்கில் அங்கே புகழ்பெற்றதால் ‘ஸ்ட்ரீட்சல்மார்க்ட்’ என்று பெயர் நிலைத்தது. இன்று ‘ஸ்டோலன்’ என்று நாம் அறிந்திருப்பதும் அந்த ரொட்டியே. வெண்சர்க்கரை தூவிய அதன் வடிவம் துணிகளில் சுற்றப்பட்ட பாலகனை நினைவூட்டுகிறது என்பர்.

அந்த ரொட்டிக்குள் ஒரு சபை வரலாறு ஒளிந்திருக்கிறது. உபவாச நாட்களில் வெண்ணெய் தடைசெய்யப்பட்டிருந்தபடியால், மாவும் நீரும் எண்ணெயும் கலந்த சுவையற்ற ஒரு பண்டமாகவே அது இருந்தது. வெண்ணெய்க்கு அனுமதி வேண்டிச் சாக்சனியின் ஆட்சியாளர்கள் உரோமைக்கு விண்ணப்பித்தார்கள். 1491இல் எட்டாம் இன்னொசென்ட் பாப்பு அனுமதி மடல் ஒன்றை அனுப்பினார். அதற்குக் காணிக்கை செலுத்த வேண்டும் என்பது நிபந்தனை. முதலில் தடையை விதித்தார்கள். பிறகு அந்தத் தடையிலிருந்து விடுதலையை விலைக்கு விற்றார்கள். 1520இல் மார்ட்டின் லுத்தர் ஜெர்மானியப் பிரபுக்களுக்கு எழுதிய நூலில் இந்த வெண்ணெய் வியாபாரத்தைக் கடுமையாகச் சாடினார். கடவுள் தந்த உணவை மனிதர் தடுக்கும்போது அது தூய்மையில் முடிவதில்லை, வசூலில் முடிகிறது என்பதை நம் முன்னோர் கண்கூடாகக் கண்டார்கள். ஸ்தோத்திரத்தோடே ஏற்றுக்கொள்ளப்படும் எதுவும் தள்ளத்தக்கதல்ல என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதும் இத்தகைய தடைக்காரர்களை முன்னிட்டே. சீர்திருத்தத் திருச்சபையின் பிள்ளைகளாகிய நாமே இன்று புதிய வெண்ணெய்த் தடை விதிக்கப் புறப்பட்டால், லுத்தரின் படத்தைச் சுவரில் மாட்டி வைப்பதில் என்ன பயன்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தச் சந்தையில் விற்கப்படும் ‘மிளகு அப்பம்’ புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரிலிருந்து வருகிறது. தேனும் இலவங்கமும் கிராம்பும் ஏலமும் சேர்ந்த அப்பம் அது. கீழ்த்திசை வாசனைப் பொருள்கள் அனைத்திற்கும் அன்று அவர்கள் ‘மிளகு’ என்றே பெயர் வழங்கினார்கள். 1558 முதல் அவ்வூர் ரொட்டிக்காரர்கள் உரிமை பெற்று அதைச் செய்துவருகிறார்கள். புல்ஸ்நிட்ஸ் என்ற பெயர் உங்களுக்கு நினைவிருக்கிறதா? 1682இல் பர்த்தொலொமேயு சீகன்பால்கு பிறந்த ஊர் அதுதான். 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கி, மணலில் விரல் வைத்துத் தமிழ் எழுத்துப் பயின்று, புதிய ஏற்பாட்டை நம் மொழியில் அச்சேற்றித் தந்தவர் அந்த அப்பத்தின் மணத்தில் வளர்ந்த பிள்ளை. பிற்காலத்தில் தரங்கம்பாடித் திருப்பணியைத் தொடர்ந்து சுமந்த லைப்சிக் மிஷன், 1836இல் டிரெஸ்டன் நகரில்தான் தோன்றியது. எனவே “பாபிலோன்” என்று எழுதிய சகோதரர், தம் கையிலிருக்கும் தமிழ் வேதாகமத்தின் வேர்களில் ஒன்று எந்த மண்ணில் ஊன்றியிருந்தது என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கட்டும்.

3. படங்களைப் பற்றிய வழக்கு

மூன்றாவது, ஓவியங்கள். விக்கிரகம் என்கிறார்கள். வேதத்தில் தேவ ஆவியினால் நிரப்பப்பட்டதாகத் தொடக்கத்திலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறவர்களில் ஒருவன் பெசலெயேல். அவன் தீர்க்கதரிசியோ ஆசாரியனோ அல்லன். பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் கைவேலை செய்தவன் (யாத்திராகமம் 31). விக்கிரகம் செய்யாதே என்று சீனாய் மலையில் கட்டளையிட்டவரே கேருபீன்களைச் செய் என்றும் சொன்னார். 1522இல் விட்டன்பெர்க் ஆலயப் படங்களை உடைக்கக் கூட்டம் திரண்டபோது, தன் மறைவிடத்தை விட்டு ஓடிவந்து, பிரசங்க பீடத்தில் ஏறி அதைத் தடுத்தவர் லுத்தர். வணங்குவதும் கண்டு கற்பதும் வெவ்வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் பிள்ளைகள் அந்தக் கூடத்தில் கண்டது என்ன? கொரெஜ்ஜோ என்னும் இத்தாலிய ஓவியர் 1530ஆம் ஆண்டளவில் தீட்டி முடித்த ‘பரிசுத்த இரவு’ அங்கே இருக்கிறது. ஆளுயரத்திற்கும் மேற்பட்ட அந்தப் படம் முழுவதும் இருள். தொழுவத்தில் விளக்கு இல்லை, நிலவும் இல்லை. வைக்கோலின்மேல் கிடக்கும் குழந்தையிடமிருந்தே ஒளி புறப்படுகிறது. குனிந்திருக்கும் மரியாளின் முகம் அந்த ஒளியில் மலர்ந்திருக்கிறது. அருகே நிற்கும் ஒரு பெண் கண் கூசிக் கையை உயர்த்துகிறாள். கோலூன்றிய மேய்ப்பன் நெருங்கி வருகிறான். வெகு தூரத்தில், அடிவானத்தில், விடியலின் மெல்லிய கீற்று ஒன்று தெரிகிறது. ஒளி இருளில் பிரகாசிக்கிறது என்று யோவான் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான விளக்கவுரை ஒன்றை வண்ணத்தில் நான் அறியேன். நாம் அரை மணி நேரம் பேசியும் சில வேளை சொல்ல முடியாததை ஒரு தூரிகை சொல்லியிருக்கிறது. அதன் முன் பத்து நிமிடம் நின்றதற்காக மனஸ்தாபப்பட வேண்டுமா?

“மரித்த சபை” என்றவருக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன். டிரெஸ்டனில் இன்று பெரும்பான்மையோர் எந்தச் சபையையும் சேராதவர்கள் என்பது உண்மை. நாற்பது ஆண்டுகள் கடவுள் மறுப்பு அரசின்கீழ் இருந்த மண் அது. அப்படிப்பட்ட ஊரில், சந்தையின் நடுவே சுழலும் மரக் கோபுரத்தில் வைக்கப்பட்ட தொழுவக் காட்சியும், ஓவியக் கூடத்தின் ஒரு படமும், சன்னலில் தொங்கும் ஒரு நட்சத்திரமும்தான் பலர் கண்ணில் படும் வேதபாடம். நம் ஊர்ப் பக்கம் மழை பொய்த்த ஆண்டில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். வறண்டுவிட்டதே என்று எந்த விவசாயியும் வாய்க்காலைத் தூர்ப்பதில்லை. அடுத்த மழைத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வயலுக்குப் போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும்.

அந்நகரின் நடுவே நிற்கும் மாதா ஆலயத்தைக் கேளுங்கள். பெயர் அப்படியிருந்தாலும் அது லுத்தரன் ஆலயம். 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் நகரமே எரிந்தது. ஏறத்தாழ 25,000 பேர் மாண்டார்கள். அந்த ஆலயம் இடிந்து கற்குவியலாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அது குவியலாகவே கிடந்தது. மீண்டும் கட்டி எழுப்பப்பட்டு, 2005 அக்டோபர் 30 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதன் உச்சியிலுள்ள சிலுவையைச் செய்தவர் இலண்டன் நகரப் பொற்கொல்லர் ஆலன் ஸ்மித். அவருடைய தகப்பனார் அந்த நகரின்மீது குண்டு வீசிய விமானிகளில் ஒருவர். தகப்பன் எரித்த நகருக்கு மகன் சிலுவை செய்து தந்தான். 1993 முதல் டிசம்பர் 23 அன்று அந்த ஆலயத்தின் முன்னே, திறந்த வெளியில், குளிரில், ஆயிரக்கணக்கானோர் கூடி மாலை ஆராதனை செய்கிறார்கள். தொடங்கிய ஆண்டுகளில் அவர்கள் முன்னே ஆலயம் இல்லை, இடிபாடுகளே இருந்தன. இதை மரித்த சபை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

4. பணத்தைப் பற்றிய வழக்கு

நான்காவது, “அந்தக் காசை ஊழியத்திற்குக் கொடுத்திருக்கலாமே” என்பது. இந்தச் சொல் வேதத்தில் எங்கே வருகிறது என்று நினைவுகூருங்கள். பெத்தானியாவில் மரியாள் நளததைலத்தை ஊற்றியபோது, தரித்திரரைச் சாட்டிப் பேசியவன் யார், அவன் கையில் என்ன இருந்தது என்று யோவான் 12 சொல்கிறது. உபாகமம் 14ஆம் அதிகாரமோ இன்னும் வியப்பானது: தசமபாகத்தை எடுத்துக்கொண்டு போய், உன் மனம் விரும்பியதை வாங்கி, உன் குடும்பத்தாரோடு தேவசந்நிதியில் உண்டு மகிழ் என்கிறது. தேவனுடைய கணக்குப் புத்தகத்தில் மகிழ்ச்சிக்கும் ஒரு பத்தி உண்டு.

மேலும் அந்தச் சந்தையில் செலவாகும் காசு யார் கைக்குப் போகிறது? எல்லாக் கடைகளுக்கும் நான் சான்று கூற மாட்டேன். இயந்திரத்தில் வார்த்த மலிவுப் பொம்மைகளும் அங்கே உண்டு. ஆனால் எர்ஸ்கெபிர்கே மலைநாட்டின் மரச் சிற்பங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. சுரங்கங்களில் தாது குறைந்து பிழைப்பு தளர்ந்தபோது சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் மரம் கடைந்து வாழத் தொடங்கின. குளிர்காலத்தில் விடியுமுன் பூமிக்குள் இறங்கி, இருட்டிய பின் மேலே வந்தவர்கள் அவர்கள். பகல் வெளிச்சத்தையே காணாதவர்கள். ஆகவேதான் அவர்கள் வீட்டுச் சன்னல்களில் மெழுகுவர்த்தி வளைவுகளை வைத்தார்கள். வீட்டில் எத்தனை ஆண்பிள்ளைகளோ அத்தனை சுரங்கக்காரப் பொம்மைகள், எத்தனை பெண்பிள்ளைகளோ அத்தனை தேவதூதர் பொம்மைகள் கையில் விளக்கேந்திச் சன்னலில் நிற்கும். இருளில் நடக்கிற ஜனங்களைப் பற்றி ஏசாயா சொன்னதை இவர்கள் மரத்தில் செதுக்கினார்கள்.

அங்கே தொங்கும் காகித நட்சத்திரமும் அப்படியே. நம் வீட்டு வாசலில் டிசம்பரில் நட்சத்திரம் கட்டுகிற நமக்கு அது அந்நியமாயிராது. அது ஹெர்ன்ஹூட் நட்சத்திரம். மொரேவிய சகோதர சபையார் தந்தது. 1760இல் தரங்கம்பாடி அருகே ஊழியம் செய்ய வந்தவர்களும் அதே சபையார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீஸ்கி என்னும் ஊரிலிருந்த அவர்களுடைய விடுதிப் பள்ளியில், கணிதப் பாடத்திற்காக அந்த நட்சத்திரம் முதலில் செய்யப்பட்டது. மொரேவிய விடுதிப் பள்ளிகளில் மிஷனரிகளின் பிள்ளைகள் பலர் தங்கிப் படித்தார்கள். தாய் தந்தையர் கிரீன்லாந்திலோ சுரினாமிலோ இருப்பார்கள். கடிதம் வந்து சேர மாதங்கள் ஆகும். திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறன்று அந்தப் பிள்ளைகள் காகிதத்தை மடித்து, ஒட்டி, விளக்கேற்றித் தொங்கவிட்டார்கள். சுவிசேஷத்திற்காகப் பெற்றோரை விட்டுக்கொடுத்த பிள்ளைகளின் விரல்கள் மடித்த நட்சத்திரம் அது. அதைப் புறஜாதி விக்கிரகம் என்று எழுதக் கை வருமா?

5. உண்மையான வழக்கு

இதுவரை எதிர்த்தரப்பாருக்குப் பதில் சொன்னேன். ஆனால் மகிழ்கிற அனைவரையும் விடுதலை செய்துவிட்டேன் என்று எவரும் நினைக்க வேண்டாம். கிறிஸ்துமஸ் சந்தையின்மேல் ஒரு வழக்கு உண்டு. அதைத் தொடுப்பவர் நம் கைபேசித் தீர்க்கதரிசிகள் அல்லர், நெகேமியா.

எஸ்றா நியாயப்பிரமாணத்தை வாசிக்கக் கேட்டு ஜனங்கள் அழுதார்கள். அழாதிருங்கள், போய்க் கொழுமையானதை உண்ணுங்கள், இனிமையானதைப் பருகுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. வாக்கியம் அங்கே முடியவில்லை. தமக்கென்று எதையும் ஆயத்தம் செய்ய இயலாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்றும் சொல்லப்பட்டது. உண்பதும் பருகுவதும் பங்கு அனுப்புவதும் ஒரே கட்டளையின் மூன்று பகுதிகள். முதல் இரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதை வெட்டிவிட்டால், மீதியிருப்பது வெறும் தீனி.

அதே ஓவியக் கூடத்தில் ரஃபயேல் தீட்டிய சிஸ்டைன் மடோனா இருக்கிறது. அதன் அடியில் மோவாயைக் கையில் ஊன்றிய இரண்டு சிறு தூதர்கள் உண்டு. உலகமெங்கும் வாழ்த்து அட்டைகளிலும் பரிசுப் பொதிகளிலும் பிஸ்கட் டப்பாக்களிலும் அச்சாகியிருப்பவர்கள் அவர்களே. ஆனால் முழுப் படத்தையும் பாருங்கள். மேலே, மேகத்தின்மீது நடந்துவரும் தாயின் கண்களிலும் கையிலுள்ள பிள்ளையின் கண்களிலும் ஓர் அச்சம் இருக்கிறது. அந்தப் படம் முதலில் வைக்கப்பட்ட ஆலயத்தில் அவர்களுடைய பார்வை சிலுவையை நோக்கியிருந்தது என்று அறிஞர் சிலர் கருதுகிறார்கள். வியாபாரம் அழகிய தூதர் இருவரை வெட்டியெடுத்துக்கொண்டு, அச்சமுற்ற பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டது. கிறிஸ்துமஸைப் பலர் அனுபவிக்கும் முறையும் இதுதான்.

டிரெஸ்டன் ஓவியர் லுட்விக் ரிக்டர் 1853இல் செய்த மரச்செதுக்கு ஒன்றில், அந்தச் சந்தைக் காலத்துக் குளிரில், உலர்ந்த பழங்களைக் கோத்துச் செய்த பொம்மைகளை விற்க நிற்கும் ஏழைப் பிள்ளைகளைக் காணலாம். அவர் காலத்தில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அச்சந்தையில் பொருள் விற்பது வழக்கமாயிருந்தது. ஒருபுறம் ஸ்டோலன் வெட்டப்பட்டது. மறுபுறம் விரல் விறைத்த பிள்ளை நின்றது. பிள்ளையின் பிறப்பைக் கொண்டாடும் சந்தையில் பிள்ளைகள் நடுங்கினார்கள்.

இதனினும் கொடியது 2014 டிசம்பர் 22 அன்று நடந்தது. அகதிகளுக்கும் இஸ்லாமியருக்கும் எதிராகத் திங்கள்தோறும் ஊர்வலம் நடத்திய ஓர் இயக்கத்தார் ஏறத்தாழ 17,000 பேர் டிரெஸ்டன் நாடக அரங்கச் சதுக்கத்தில் கூடி, கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாடினார்கள். நான் சொன்ன ஓவியக் கூடம் அந்தச் சதுக்கத்தின் ஓரத்தில்தான் இருக்கிறது. உள்ளே சுவரில், இடமில்லாமல் தொழுவத்தில் பிறந்த குழந்தை. வெளியே, உங்களுக்கு இங்கே இடமில்லை என்று அந்நியருக்குச் சொல்ல அக்குழந்தையின் பிறப்பைப் பற்றிய பாடல்! ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடிய அகதியை அவர்கள் பாடினார்கள். அது அவர்களுக்கே தெரியவில்லை. எதிரிலிருந்த இசை நாடக அரங்கம் தன் விளக்குகளை அணைத்துத் தன் எதிர்ப்பைக் காட்டியது. ஆமோஸின் மூலமாக, உன் பாட்டின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று கர்த்தர் சொன்னது இப்படிப்பட்ட பாட்டையே. நம் சகோதரர்கள் குற்றம் காண விரும்பினால் இங்கே காணட்டும். ரொட்டியின் வெண்ணெயில் தேடுகிறார்கள். பாவம் பாடினவர்களின் நெஞ்சில் இருந்தது.

6. நம் வீட்டுக் கணக்கு

டிரெஸ்டனை நிறுத்திவிட்டு நம் தெருவுக்கு வருவோம். அவர்கள் உபவாசத்தை மறந்தார்கள், ஒரு நாள் சந்தை ஒரு மாதச் சந்தை ஆயிற்று என்போம். நாம் மட்டும் என்ன செய்கிறோம்? நவம்பர் கடைசியிலேயே கேக் வெட்டத் தொடங்கி, அலுவலகக் கிறிஸ்துமஸ், பள்ளிக் கிறிஸ்துமஸ், சங்கக் கிறிஸ்துமஸ் என்று கொண்டாடித் தீர்த்து, இருபத்தைந்தாம் தேதி பிற்பகல் களைத்துப் படுத்துவிடுகிறோம். காத்திருத்தல் என்ற ஒன்றே நம் திருவருகைக் காலத்தில் இல்லாமற்போயிற்று.

கேரல் ரவுண்ட்ஸ் போகிறோம். காணிக்கை அதிகம் தரும் மாடி வீட்டில் மூன்று பாட்டு. தனியே வாழும் விதவைத் தாயின் குடிசை முன் ஒரு பாட்டு, அதுவும் பாதி. சில ஆண்டுகளில் அந்தச் சந்துக்கு வண்டி நுழையாது என்று சொல்லித் திரும்பியே விடுகிறோம். பெத்லகேமின் மேய்ப்பர்களுக்கு அருளப்பட்ட பாடல், நம் கையில் வசூல் வரிசைப்படி பாடப்படுகிறது. ஐரோப்பாவின் சந்தையைப் பழிக்குமுன், நம் பாடல் சந்தையாகிவிட்டதா என்று கேட்க வேண்டாமா?

ஆகவே சபையாருக்கு மூன்று காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, மகிழ்கிறவர்களைப் பழிப்பதை நிறுத்துங்கள். வீடு விட்டுத் தூரதேசத்தில், பனியில், மாலை நான்கு மணிக்கே இருட்டும் ஊரில் வாழும் நம் பிள்ளைகள், ஒரு நட்சத்திரத்தைக் கண்டு ஆண்டவரை நினைத்தார்கள் என்றால் அதற்காக ஸ்தோத்திரம் செலுத்துங்கள். “ஆலயத்திற்குப் போனாயா? அங்கே ஜெபிக்க யாராவது இருக்கிறார்களா? குளிருக்குத் துணி இருக்கிறதா?” என்று கேளுங்கள். கண்டனம் அனுப்ப எடுக்கும் நேரமே இதற்கும் எடுக்கும்.

இரண்டாவது, காத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். மீதமுள்ள வாரங்களில் வாரத்திற்கு ஒரு வேளையாவது உபவாசியுங்கள். அந்த உணவின் விலையைத் தனியே எடுத்து வையுங்கள். பசித்தவனுக்கே பண்டிகையின் சுவை தெரியும்.

மூன்றாவது, பங்கு முதலில் வெளியே போகட்டும். இவ்வாண்டு நம் கேரல் குழு கடைசிச் சந்திலிருந்து பாடத் தொடங்கும். மாடி வீடுகள் இறுதியில் வரும். இதை ஆயர் என்ற முறையில் அறிவிக்கிறேன். குழுத் தலைவர்கள் குறித்துக்கொள்ளவும். கிறிஸ்துமஸ் நாளில் உங்கள் வீட்டுக் கேக்கின் முதல் துண்டும், உங்கள் பிரியாணியின் முதல் தட்டும், தமக்கென்று ஆயத்தம் செய்ய இயலாதவர் வீட்டிற்குப் போகட்டும். அதன்பின் நீங்கள் மனமார உண்ணுங்கள். நெகேமியாவும் அதைத்தான் சொன்னார்.

ஜெபம்: இருளில் ஒளியாய்ப் பிறந்த ஆண்டவரே, எங்கள் மகிழ்ச்சியை எங்களிடமிருந்து பறிக்கிறவர்களுக்கும், அந்த மகிழ்ச்சியை எங்களோடு அடைத்து வைக்கும் எங்கள் சுயநலத்திற்கும் எங்களை விலக்கிக் காத்தருளும். தூரதேசத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைகளோடு இரும். அந்நியருக்கு இடம் கொடுக்கும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். உம்முடைய பந்தியில் ஒருவரும் பங்கின்றிப் போகாதபடி எங்கள் கைகளைத் திறந்தருளும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்